நான்காவது வில்லை

சென்ற வாரம் நகரசபை அலுவலகத்துக்குச் சைக்கிள் வில்லை வாங்கப் போயிருந்தேன். சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற காரியம்தான். வரி கட்டினால் ஒரு சின்னத் தகர வில்லை தருவார்கள். அதை வண்டியின் முன்பக்கம் மாட்டிக்கொண்டால் தெருவில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜன்னலுக்கு அப்பால் இருந்த குமாஸ்தா சோலையப்பன் எனக்குப் பல வருஷப் பழக்கம்.

"வாங்க வக்கீலய்யா! வழக்கம்போல நாலுதானே?" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்ல... இந்த வருசம் மூணு போதும்ல, அய்யா?"

நாலா, மூணா? எவ்வளவு எளிய கேள்வி! ஒன்றாம் வகுப்புக் குழந்தை பதில் சொல்லிவிடும். நான் பையில் சில்லறையைத் தேடினேன்.

ஒருவனுக்கு எதற்கு இத்தனை சைக்கிள் என்று இந்த வாரப் பத்தியின் புதிய வாசகர்கள் கேட்கக்கூடும். பழைய வாசகர்களுக்கு என் பித்து தெரியும். எல்லாப் பயணத்துக்கும் ஒரே சைக்கிள் என்பது எல்லா வியாதிக்கும் ஒரே கஷாயம் என்பது போல. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

முதலாவது, கோர்ட்டுக்குப் போகிற சைக்கிள். கறுப்பு. செயினுக்கு முழு மூடி. வேஷ்டியில் எண்ணெய் படாது. அதன் மேல் நிமிர்ந்துதான் உட்கார முடியும். கட்சிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தபடி பேசுகிற வேகத்தில்தான் அதை ஓட்டுவேன். வக்கீல் விரைந்து போனால் கேஸ் தோற்றுவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும் அல்லவா?

இரண்டாவது, காட்டு வண்டி. பாகப் பிரிவினை வழக்குகளில் நிலத்தை நேரில் பார்க்க வேண்டியிருக்கும். தொப்பம்பட்டிப் பக்கமும் கீரனூர்ப் பக்கமும் மாட்டு வண்டித் தடத்தில் போவதற்குத் தடித்த டயரும் கனத்த கேரியரும் வேண்டும். கருவேல முள் எவ்வளவு கூரானது என்பதை அந்த டயர்கள் என்னைவிட நன்றாக அறியும். போகும்போது கேரியரில் கேஸ் கட்டு. வரும்போது கத்தரிக்காய், வெங்காயம், சில நாள் இளநீர்.

மூன்றாவது இலேசான வண்டி. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடம் வாங்கியது. கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்புபோல் கீழே வளைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வத்தலக்குண்டு சாலையில் அதை விட்டால்... அந்தச் சுகத்தை விவரிக்க எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. அதன் மேல் நான் குனிந்து உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது என் மனைவி சொன்னாள்:

"ஏங்க, ரோட்டுல காசு எதையாச்சும் தொலச்சிட்டீங்களா?"

இன்னொரு நாள்: "மனுசனுக்கு ரெண்டு காலு. உங்களுக்கு மட்டும் ஆறு சக்கரம் கேக்குது!"

அப்படிக் கேலி செய்தவளுக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. அதுதான் நான்காவது. பச்சை நிறம். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். புடவை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் மேல் நூல் வலை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். அதன் பிறகு, தான் பாடம் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வந்தாள். ஊர் சில மாதங்கள் பேசியது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

சிவகாமி சென்ற ஆவணியில் காலமானாள். இதை இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதையும் எழுதப் போவதில்லை.

ஆயுத பூஜையன்று நான்கு வண்டிகளையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் வேலை. சாவு நேர்ந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. ஆகவே இந்த முறை வண்டிகள் வெறும் நெற்றியோடு நின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் விட்டுக் காற்றடிக்கிற என் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. பச்சை வண்டிக்கும் சேர்த்துத்தான். அப்போது தெரிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு: யாரும் ஓட்டாத சைக்கிளிலும் காற்று இறங்குகிறது.

ஜன்னலுக்குத் திரும்புகிறேன். சோலையப்பன் காத்திருந்தார்.

"நான்கு" என்றேன்.

அவர் நேர்மையான மனிதர். எனக்கு வீண் செலவு வேண்டாம் என்று நினைத்தார். "அய்யாவுக்குத் தெரியாத சட்டமா? ரோட்டுல ஓடுற வண்டிக்குத்தான் வில்லை. வீட்டுல சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குங்கய்யா?"

"ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. காற்று இருக்கிறது. பிரேக் சரியாகப் பிடிக்கிறது."

"அது சரிங்கய்யா..." அவர் தயங்கினார். "ஓட்டுறது யாரு?"

என் தொழிலில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளைப் பார்த்தவன் நான். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக, இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. 'யாருமில்லை' என்பது உண்மையான பதில். அதைச் சொன்னால் அந்த வண்டி அந்த நிமிஷத்திலிருந்து சைக்கிள் இல்லை, இரும்பு. பரணில் ஏற்றலாம். பழைய சாமான்காரனுக்குப் போடலாம். அவள் போன பிறகு அவளுடையது என்று சொல்ல இன்னும் அசைகிற பொருள் அது ஒன்றுதான்.

"நான்" என்றேன்.

சோலையப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறடிக்குச் சற்றே குறைவான என் உயரத்தையும் பார்த்தார். நான்கு வில்லைகளை எடுத்து வைத்தார்.

அரசாங்க ஊழியரிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்குகிற வக்கீல்கள் இருக்கலாம். எனக்கு அந்தத் திறமை வாய்க்கவில்லை. சொன்னதை மெய்யாக்க ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் காலை பச்சை வண்டியை வெளியே எடுத்தேன். ஆசனம் எனக்கு மிகவும் தாழ்வு. ஸ்பானரை எடுத்து வந்தேன். நட்டின் மேல் வைத்தேன். அவள் உட்கார்ந்த உயரம் அது. ஸ்பானரைத் திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன்.

எங்கே போவது? எனக்கு அந்த வண்டியில் வேலை ஒன்றும் இல்லை. அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பள்ளிக்கூடத்து வழி. அதிலேயே விட்டேன்.

முழங்கால்கள் கைப்பிடியை இடித்தன. வெங்காய மண்டி முனையில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏலே, வக்கீலய்யா வாராரு பாருடா! முட்டியும் தாடையும் மோதிக்கிருது!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. இன்னொரு குரல் அதட்டியது: "சும்மா கெட, அப்பு. அது டீச்சர் வண்டி."

சிரிப்பு அறுந்தது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. மணியை அடித்தேன். அந்த மணிக்கு ஒரு குறை உண்டு. முழுதாக ஒலிக்காது, பாதியில் இருமும். புதியது வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "இருக்கட்டுங்க. இந்தச் சத்தத்துக்குத்தான் சனம் ஒதுங்குது" என்பாள்.

ஆடு ஒதுங்கியது. வேப்ப மரத்தடியில் பூக்கூடையோடு ஓர் அம்மாள் தலை குனிந்து தொடுத்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டதும், நிமிராமலேயே, கூடையின் ஓரத்திலிருந்து ஒரு சரத்தை எடுத்துத் தெருப்பக்கம் நீட்டினார்.

"வாங்க டீச்சர். இன்னைக்குக் கனகாம்பரம் வரல. மல்லிதேன்."

ஒரு காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்தார்.

"அய்யோ... அய்யா!" நீட்டிய கை அப்படியே நின்றது. "எனக்குத் தெரியும்ங்கய்யா. டீச்சர் கேதத்துக்குக்கூட வந்தேன். மணிச் சத்தங் கேட்டுச்சு... கை முந்திருச்சு. தப்பா நெனக்காதீக."

கையைப் பின்னால் இழுக்கப் போனார்.

"கொடுங்கள்" என்றேன்.

கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, சொன்னார்: "டீச்சர் வண்டிய விட்டு எறங்கவே மாட்டாக. இந்தா, இப்ப அய்யா நிக்கிறீகளே, இதே மாதிரி ஒத்தக் கால ஊண்டிக்கிட்டுத் தலையக் குனிவாக. நாந்தேன் வச்சுவிடுவேன். செத்த நேரம்கூட நிக்க மாட்டாக. 'பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிருவாக, வெள்ளையம்மா, சீக்கிரம்'னு பறப்பாக."

மாலையில் சிவகாமி திரும்பி வரும்போது அவள் தலையில் பூ எப்போதும் இடப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். அவசரத்தில் வைத்துக்கொள்கிறாள் என்று எண்ணியிருந்தேன். வெள்ளையம்மாள் சாலையின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்கு எட்டிய பக்கம் அது. அவ்வளவுதான் விஷயம். என் மூன்று சைக்கிள்களில் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த வேப்ப மரத்தடிக்கு நான்காவதுதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது.

"படத்துக்குத்தானுங்களே?" என்றார் வெள்ளையம்மாள்.

"ஆமாம்."

"அப்ப நாளைக்கும் எடுத்து வைக்கவா?"

மணியை ஒரு முறை அடித்தேன். அது பாதியில் இருமியது. அவர் தலையாட்டிக்கொண்டு மீண்டும் தொடுக்கத் தொடங்கினார்.

சரத்தைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். படத்துக்கு வைத்தேன். நடுவில் வைத்துப் பார்த்தேன். அது அவளாக இல்லை. இடப்பக்கமாகச் சற்றே சரித்தேன்.

சோலையப்பன் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். அவருக்கு ஒரு வார்த்தை: நான்காவது வண்டி ஓடுகிறது. ஆசனம்தான் எனக்குக் கொஞ்சம் தாழ்வு... உயர்த்துவதாக இல்லை.