சோக்குப் பொட்டு

எமிலியானுஸ் ஒரு இடத்தில் அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. துறைமுகத்துப் பக்கம் சரக்குக் கிடங்கில் இருவரும் பதினான்கு வருடமாக வேலை செய்கிறோம். இடைவேளையிலும் மனுசன் நின்றபடிதான் தேத்தண்ணீர் குடிப்பார். மட்டக்களப்பு பஸ் டிப்போவில் கையில் ஏறிய கிரீஸ் கனடா வந்தும் இன்னும் இறங்கவில்லை. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்துப் பின்சந்தில் யாருடைய கார் இருமினாலும் அவருக்கு நித்திரை வராது.

அந்தச் சனிக்கிழமை மேல்மாடி யோகராணியின் கார். அவள் திருகோணமலைக்காரி. ஆறு மாதம் அலைந்து, வயோதிபரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை ஒன்று பிடித்திருந்தாள். முதல் வீடு ஆற்றுக்கு அப்பால் லவாலில், பின்னேரம் இரண்டு மணிக்கு. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எஞ்சினின் டைமிங் பெல்ட் வெடிப்பு விட்டு அறுந்துவிடும் நிலையில் இருப்பதைக் கண்ட எமிலியானுஸ் காலை ஏழரைக்கே அதை மாற்றத் தொடங்கினார்.

பதினொன்றரைக்குப் புது பெல்ட் ஏறியது. சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் அதே கதை.

பற்றரியில் குறையில்லை. பெற்றோல் வருகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியும் பறக்கிறது. எமிலியானுஸ் காரை மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"நிப்பாட்டு ஜெராட்! சும்மா சுத்துது. கம்ப்ரெஷன் இல்ல, உள்ளுக்கு அமுக்கமே இல்ல."

அவர் முகம் வெளிறியது. பெல்ட் பல்லு மாறி ஏறியிருந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும். வளைந்திருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். யோகராணி பல்கனியில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பெல்ட்டின் மூடியைக் கழற்றினோம். கிடங்கில் பெட்டிகளுக்குக் கீறும் சோக்கால், பழைய பெல்ட்டைக் கழற்ற முன்னரே, புதியது பல்லு மாறாமல் ஏற அடையாளமாக, பெல்ட் ஓடும் மேல் சில்லான புல்லியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். கம்பெனிக்காரன் வெட்டிய குறியும் அதில் உண்டு. ஆனால் எள்ளளவு. அதைத் தேடும் பொறுமை இவருக்கு ஏது? பொட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"சரியாத்தானே இரிக்கி!" என்று அதை விரலால் தேய்த்தவர், விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கில் வைத்தார். சந்தனம், காய்ந்து சோக்குப்போல வெளிறியிருந்தது.

"புள்ள! இதில ஆரு கை வச்ச?" என்று பல்கனியைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் அண்ணன். நீங்க தேத்தண்ணி குடிக்கப் போன நேரம். புதுச்சாமான் போடுறீங்க எண்டு சில்ல வடிவாத் துடைச்சுப்போட்டு ஒரு பொட்டு வச்சன். ஏன், பிழையா?"

சோக்குக் குறி அழிந்து, சந்தனம் வேறு இடத்தில் ஏறியிருந்தது. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் போலிருந்தது. எமிலியானுஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பிழை என்ர, புள்ள. பாக்க வேண்டிய குறியப் பாக்காம விட்டுட்டன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டோர்ச் வெளிச்சத்தில் அந்த எள்ளளவுக் குறியைத் தேடிக் கண்டுபிடித்தார். மூன்று பல்லுப் பிசகியிருந்தது. சரிசெய்து, எஞ்சினைக் கையால் மெல்ல மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்காவது இடிக்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். இடிக்கவில்லை.

ஒன்று இருபதுக்குச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

யோகராணி போய்விட்டாள். ஆனால் இவர் வீட்டுக்குள் வரவில்லை. சந்து முனைக்கும் தெப்பனர் என்கிற மூலைக்கடைக்குமாக நடந்தார். சோறு வேண்டாம் என்றார். கைபேசி ஒலித்தால் என்னை எடுக்கச் சொன்னார். வால்வு ஒன்று கொஞ்சம் வளைந்திருந்து, நெடுஞ்சாலையில் கைவிட்டால்? அதே கேள்வியை என்னிடம் எத்தனை தரம்தான் கேட்பது! எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆறு மணிக்குக் கார் சந்துக்குள் திரும்பியது. யோகராணி முகமெல்லாம் சிரிப்பாக எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"அண்ணன், அந்த அம்மாவுக்கு என்னை..."

"பொறு புள்ள," என்றார் எமிலியானுஸ். "இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணு."

அவள் மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்தது. எமிலியானுஸ் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப சொல்லு," என்றார்.