பெர்னடெற் அக்கா மென்மையாக்கிய சொல்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி இருக்கும் பெர்னடெற் அக்காவுக்கு அமெரிக்கா என்றால் ஒரு பைத்தியம். அங்கே போனது ஒரே ஒரு தரம், நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி ஜெராட்டின் மகளுடைய கலியாணத்துக்கு. ஆனாலும் அந்த நாட்டுத் தேர்தலை, மற்றப் பெண்கள் சீரியல் பார்ப்பதைப் போல ஒரு நாளும் தவறவிடமாட்டார். எந்த மாநிலத்தில் யார் முன்னுக்கு நிற்கிறார் என்று கேட்டால் உடனே சொல்லுவார். எங்கள் தெருக் கவுன்சிலர் யாரென்று கேட்டால் தெரியாது.

அங்கே ஒரு கறுப்பு மனிதரின் கழுத்தில் பொலிஸ்காரன் முழங்காலை ஊன்றிக் கொன்றபோது, அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து வாய்விட்டு அழுதார். அதற்காகக் கோயில் வாசலில் கண்டன அட்டை பிடித்து நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். மழை தூறியது, நான் குடை பிடித்தேன். பிறகு ஒரு தேர்தல் மேடையில் யாரோ குடியேறி வந்தவர்களைக் குப்பையைப் போலப் பேச, கூட்டம் கைதட்டியது. ஜெராட்டும் கைதட்டுகிற பக்கம். அக்கா உடனே போன் எடுத்தார்.

"நீ என்ன விசாவோடயே போனனி? ஏஜென்ற் களவாக் கொண்டுபோய் இறக்கினதை மறந்துபோனியோ?"

ஜெராட் இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை.

இதில் எதுவும் நடிப்பில்லை. அக்கா உண்மையாகத்தான் அழுதார், உண்மையாகத்தான் சண்டை பிடித்தார். ஆனால் அமெரிக்காவின் இனவெறியைப் பற்றிப் பேச லண்டன் தமிழருக்கு அலுப்பு வருவதே இல்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். அது தூரத்தில் இருக்கிறது. அதில் எங்கள் ஆட்கள் யாரும் மாட்டுப்படுவதில்லை.

அக்காவின் வேலை மொழிபெயர்ப்பு. இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விசாரணை என்று ஏஜென்சி அனுப்பும் இடமெல்லாம் போய்வந்தவர். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, றஜீனா. தூஷணம் எண்டாலும் அப்பிடியே சொல்ல வேணும்" என்பார். ஒருமுறை ஒரு கிழவர் டொக்டரைப் பேசிய தூஷணத்தை முகம் கோணாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்து, என் குசினியில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவரை ஒரு தொழில் வழக்குக்கு அனுப்பினார்கள். வழக்குப் போட்டவர் குவாபெனா என்ற கானா நாட்டுக்காரர், ஸ்ட்ரெதமில் இருப்பவர். சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் ஒரு கிடங்கில் ஆறு வருடம் வேலை செய்தவர். அங்கே தமிழர்கள் தன்னை ஒரு சொல்லால் கூப்பிடுகிறார்கள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள், அதை முறையிட்டதால்தான் வேலை போனது என்பது அவருடைய வழக்கு. வக்கீல் இல்லை. கையில் ஒரு பைலும், போனில் பதிவு செய்த ஒரு குரலும்தான் இருந்தன. குரல் கிருஷ்ணராசாவுடையது. அவர்தான் அங்கே சூப்பர்வைசர். அவருக்கு ஆங்கிலம் போதாது என்றுதான் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

உள்ளே போகுமுன் கிருஷ்ணராசா அக்காவைக் கும்பிட்டிருக்கிறார். "எங்கட ஆள் எண்டு கண்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அக்கா."

அக்கா பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பதிவைப் போட்டார்கள். "அந்தக் காப்பிலியை இஞ்சால வரச்சொல்லு" என்று கிருஷ்ணராசாவின் குரல். பின்னால் நாலைந்து பேரின் சிரிப்பு. அதற்கு என்ன பொருள் என்று நீதிபதி கேட்டார். அக்கா, "அந்த ஆபிரிக்கரை இங்கே வரச் சொல்" என்றார். நீதிபதி விடவில்லை. அமெரிக்காவில் கறுப்பரைப் பழிக்கும் ஒரு சொல் இருக்கிறதே, முழுதாகச் சொல்லக் கூசி முதலெழுத்தை மட்டும் சொல்கிறார்களே, இது அந்த மாதிரிச் சொல்லா என்று கேட்டார்.

அபிப்பிராயம் சொல்வது என் வேலையில்லை என்று அக்கா சொல்லியிருக்கலாம். அதுதான் சட்டம், அவருக்கு அது மனப்பாடம். ஆனால் நீதிபதியும் பக்கத்தில் இருந்த இரண்டு பேருமாக மூன்று வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடமும் இப்படி ஒரு சொல் இருக்கிறது என்று அவர்கள் முன்னால் ஒத்துக்கொள்ள அக்காவுக்கு நா எழவில்லை.

"இல்லை" என்றார். "சாதாரணமான சொல்."

பின்னேரமே தீர்ப்பு வந்தது. குவாபெனா தோற்றுப்போனார். தீர்ப்பில் பிழை இருப்பதாக நினைத்தால் பதினான்கு நாளுக்குள் எழுதலாம் என்று நீதிபதி அவருக்குச் சொன்னார். வெளியே போகும்போது குவாபெனா அக்காவுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். "உங்கள் உதவிக்கு நன்றி, அம்மா" என்றார்.

அந்த நன்றிதான் அக்காவைச் சாப்பிடவிடவில்லை. பன்னிரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து என் காருக்குள் ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னார். கைப்பையில் நீதிபதிக்குப் பாதி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது.

"அந்தச் சொல் எனக்குத் தெரியாதோ, றஜீனா? என்ர மாமி என்னை அப்பிடித்தான் கூப்பிட்டவ. சுருட்டை முடி, கறுத்த தோல். கொன்வென்ரில நத்தார் நாடகம் போட்டா மூண்டு வருசமும் நான்தான் குழந்தை யேசுவைப் பாக்க வாற கறுத்த ராசா. கரி பூசத் தேவையில்லை எண்டு சிஸ்டர் சொல்ல எல்லாரும் சிரிச்சவை. நான் வீட்டை வந்து தலைமயிரை வெட்ட வெளிக்கிட்டனான். அந்தச் சொல்லைப் போய்ச் சாதாரணம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் காரை எடுக்காமல் இருந்தேன். "விடுங்கோ அக்கா, வெறும் ஒரு சொல்தானே" என்று சொன்னேன். அக்கா கடிதத்தை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. பதினான்கு நாளும் முடிந்தன.

சனிக்கிழமை அவர் செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தமிழ்ச் சாமியார் என்றால் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. எங்கள் பங்குச்சாமி ஃபாதர் ஒபின்னா நைஜீரியாக்காரர். அவரிடம்தான் போய் முழங்காலில் நின்றார்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஃபாதர் கேட்டார். இந்த முறை அக்கா கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"இந்தப் பங்கில் என்னையும் அப்படிச் சொல்கிறார்களா?"

"ஆம், ஃபாதர். சிலர்."

அந்தச் சிலரில் ஒருத்தி நான். பிரசங்கம் நீண்டுபோன நாட்களில், காருக்குள் அந்தச் சொல்லோடு 'சாமி'யைச் சேர்த்துச் சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அவர் கையால் நற்கருணை வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வரிசைக்கு மாறிவிட்டேன்.

அந்த மனிதருக்குச் செய்ததைத் திருத்த முயற்சி செய், அதுதான் உன் பரிகாரம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை அக்கா கடிதத்தை அனுப்பினார். ஏஜென்சிக்கும் ஒரு பிரதி. ஏஜென்சி அந்தக் கிழமையே அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. இருபத்திரண்டு வருட வேலை இரண்டு வரி ஈமெயிலில் முடிந்தது. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. கடிதம் ஆறு நாள் பிந்திவிட்டதாம். அதை ஏற்பதா இல்லையா என்று நீதிபதி முடிவு செய்யுமுன், ஏன் பிந்தியது என்று முழு விளக்கம் வேண்டுமாம். குவாபெனாவின் வழக்கு இப்போது அந்த விளக்கத்தில் தொங்குகிறது.

அக்கா கடுதாசியும் பேனையுமாக என் குசினி மேசையில் வந்து இருந்தார்.

"பன்னிரண்டாம் நாள் அனுப்பத்தான் இருந்தனான். நீ சொன்னதாலதான் வைச்சிருந்தனான். நீ சொன்னதை அப்பிடியே எழுதவோ?"

வாசிக்கிற உங்களிடமும் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். வெறும் ஒரு சொல்தானே என்று நான் காரில் சொல்லவில்லை. இதை எழுதும்போது, அக்கா நீதிபதிக்குச் செய்ததைத்தான் நான் உங்களுக்குச் செய்தேன். அன்று நான் சொன்னது இது: "விடுங்கோ அக்கா, ஒரு காப்பிலிக்காக எங்கட ஆளை மாட்டிவிடப் போறியளே?"

கோயில் வாசலில் அக்காவுக்குக் குடை பிடித்தவளும் நான்தான்.

"ஓம் அக்கா" என்றேன். "அப்பிடியே எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ."

அக்கா ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அந்தச் சொல் வந்த இடத்தில் பேனை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்னெண்டு போடுறது?"

"நீதிபதி கேட்ட அந்த அமெரிக்கச் சொல்லையே போடுங்கோ" என்றேன். "முழுசா எழுதுங்கோ."