கதவோரம் நின்ற டாக்டரின் பில்

என் அக்காவைக் கட்டியவரை எங்கள் தெருவில் கூலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இருபத்தெட்டு வருடமாகப் பிறர் வீட்டுப் பெட்டிகளைக் குளிர வைக்கிறார். மனிதர் மட்டும் தொட்டால் சுடும். மூக்குக்கு மேல் கோபம். அதைக் கூட மன்னித்துவிடலாம், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. படியேறினால் காசு. ஃப்ரிட்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வந்து பார்த்ததற்கு விசிட்டிங் சார்ஜ் கீழே வைக்க வேண்டும். ஒருமுறை மூன்றாவது மாடியில் ஒரு வாத்தியாரம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், துடைப்பம் பட்டு பிளக் பாதி கழன்று தொங்குகிறது. அத்தான் அதை அழுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காசு கேட்டார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலையேங்க?" என்றார் அந்த அம்மா.

"நான் வந்தேன்ல? வந்தது வந்ததுதான்."

வாங்காமல் இறங்கவில்லை. இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை. பதினாலு வயது இளையவள். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவர்தான் வளர்த்தார், படிக்க வைத்தார். நாற்பதை எட்டப் போகிறாள், இன்னும் அவருக்குப் பாப்பாதான். அதனால் எங்கள் எல்லோருக்கும் பாப்பா. வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் விடுப்பில் வருவாள். அந்த ஒரு மாதத்தில் அத்தான் பாதி நாள் வேலைக்கே போகமாட்டார். இந்த வருடம் அவள் வர வேண்டிய வருடம். அதற்காக மாடி அறைக்குத் தன் கையாலேயே வெள்ளை அடித்து வைத்திருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் பாப்பா டிக்கெட் அனுப்பி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் விமானம். மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலியில் மனிதர் தரையில் உருண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பதிவு மேசையில், இங்கே முகவரி உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டாள். ஊசி, ஸ்கேன், ஆறு மணி நேரம். சிறுநீரகத்தில் கடுகளவு கல். தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புகிற நேரத்தில் இன்னொரு டாக்டர் வந்திருக்கிறார். கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கிறது?" என்றாராம். அத்தான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாராம். அவரும் பதிலுக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

அவர் ஊர் திரும்பிப் பத்து நாளில் பில் வந்தது. எங்கே வந்தது? என் தலையில். அத்தானிடம் மின்னஞ்சல் கிடையாது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். குடும்பத்தில் எவருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கடை விலாசம்தான். பயணக் காப்பீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள், ஒரே ஒரு வரியைத் தவிர. அந்தக் கதவோர டாக்டர் ஆஸ்பத்திரி ஆள் இல்லையாம், வெளியிலிருந்து வருகிறவராம், அவருக்குத் தனிக் கட்டணமாம். அத்தானின் மூன்று மாத வருமானம் அது.

"உள்ளயே வரல, மச்சான்! ஒரு கால் கூட உள்ள வைக்கல! அதுக்குக் காசா?"

நினைவூட்டல்கள் வந்தன. முதலாவது கெஞ்சியது, இரண்டாவது மிரட்டியது, மூன்றாவதில் சிவப்பு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் அத்தான் என் மேசை எதிரில் நின்றுகொண்டு பதில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவர் "பகல் கொள்ளை" என்பார். நான் "தயவுகூர்ந்து மறுபரிசீலனை செய்யவும்" என்று ஆங்கிலத்தில் அடிப்பேன். வரிசையில் நிற்கிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் சிறுநீரகக் கல்லின் கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் தங்கள் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு போக முடியும். நான் அப்போதே சொன்னேன், கட்டித் தொலையுங்கள் என்று. கல்லில் நார் உரிக்கிற வேலை.

அக்காதான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "ஏங்க, அந்த வாத்தியாரம்மா வீட்ல பிளக்கை அழுத்திட்டு வந்தீங்களே, அது என்ன? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

"நான் மூணு மாடி ஏறினேன்டி."

"அந்த டாக்டரும் நடந்துதானே வந்திருப்பாரு?"

அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். ஆனால் கட்டவில்லை.

நாலாவது மாதம் கடிதங்கள் நின்றுவிட்டன. திடீரென்று, ஒன்றுமே இல்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்ரெஸர் மாற்றப் போகிற வீட்டில், பஸ் நிறுத்தத்தில், முடிவெட்டும் கடையில், எங்கும் இதே பேச்சு. "ஒரு லெட்டர் போட்டேன் பாருங்க, அந்த ஆஸ்பத்திரியே கப்சிப்." பத்து மாதம் இந்தக் கொடி பறந்தது. என் கடையில் மட்டும் ஒரு நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். கடிதம் அடித்தவன் நானாயிற்றே.

அதே பத்து மாதத்தில் பாப்பாவின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் நின்றுபோனது. முன்பெல்லாம் வாரம் தவறாமல் வீடியோவில் வருவாள். இப்போது வார நடுவில் இரண்டு நிமிடம், அதுவும் பஸ்ஸிலிருந்து. "நாலு காசு சேர்ந்ததும் அண்ணன் கசக்குறான்" என்று அத்தான் முணுமுணுப்பார். போன மாதம் அவள், இந்த வருடம் வருவது சந்தேகம்தான் என்று சொன்னாள். காரணம் கேட்டால் வேலை என்றாள். அத்தான் கோபத்தில் போனை வெட்டிவிட்டார். அப்புறம் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் இறங்கி வந்ததும் அக்கா என்னையும் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு என்னவோ அந்த பில்லு மேலதான் சந்தேகம். கையெழுத்துப் போட்டவ அவதானே? பாக்கி இருக்கிறவங்களை நாட்டை விட்டு விடமாட்டாங்களோ என்னவோ. கட்டிடுங்க. பாப்பா வரட்டும்."

அத்தான் பீரோவைத் திறந்து பணத்தை எண்ணினார். பிறகு, "மச்சான், நாளைக்குக் காலையில கடையைச் சீக்கிரம் திற" என்றார்.

பணம் தயாராக வைத்திருக்கிற ஒருவனிடமிருந்து பணத்தை வாங்க இவ்வளவு மறுப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். இணையதளம் பிறந்த தேதி கேட்டது. அவர் பிறந்தது இருபத்து மூன்றாம் தேதி. அவர்கள் மாதத்தை முதலில் போடுகிறவர்கள். இருபத்து மூன்றாவது மாதம் கிடையாது என்று சிவப்பில் சொன்னது. மாற்றிப் போட்டேன். அஞ்சல் குறியீடு கேட்டது. எங்கள் குறியீட்டில் ஒரு எண் கூடுதலாம். ஒரு எண்ணை வெட்டினேன், முகவரி தவறு என்றது. மூன்று தடவை தவறியதும் கதவை மூடிவிட்டது. இருபத்துநாலு மணி நேரம் கழித்து வரவும்.

வங்கிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் பாரத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, "சிகிச்சை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப ஏன் கட்டுறீங்க?" என்றாள்.

"கட்டலன்னாலும் கேக்குறாங்க, கட்டுறேன்னாலும் கேக்குறாங்க!" என்று அத்தான் கத்திய கத்தலில் காவலாளி எழுந்து நின்றுவிட்டார். புதிய தேதியிட்ட பில் இருந்தால்தான் அனுப்ப முடியும் என்றாள் அவள். அவளைச் சொல்லி என்ன? அவள் முன்னால் ஒட்டியிருந்த சுற்றறிக்கை அப்படி.

திரும்பக் கடைக்கு வந்து, அங்கே பொழுது விடியும்வரை காத்திருந்து, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, இசையைக் கேள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெண் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன்.

"முக்கியம்னா எடுக்கச் சொல்லு!"

"அது பதிவு பண்ணின குரல், அத்தான்."

"பதிவு பண்ணினவளாவது எடுக்கலாம்ல?"

நாற்பது நிமிடம். கடைசியில் ஒரு ஆள் எடுத்து, இந்தக் கணக்கு எங்களிடம் இல்லை, பாக்கி வசூலிக்கும் கம்பெனிக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம் என்று ஒரு எண் தந்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தக் கம்பெனிக்குப் போட்டேன். மறுபடியும் ஒன்று, நாலு, இசை. எடுத்த பெண் கனிவாகப் பேசினாள். எண்ணைக் கேட்டாள், விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது, ஏதோ சொன்னாள். நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான்? எவ்வளவாம்?"

"ஒண்ணும் இல்லையாம்."

"தள்ளுபடியா? பார்த்தியா, நான்தான் சொன்னேன்ல!"

"கட்டியாச்சாம், அத்தான். பத்து மாசம் முன்னாடியே. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து. பில்லுல இருந்ததை விட ரெண்டு மடங்கு."

"யாரு?"

பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் என்று அந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் ரப்பர் பேண்டு போட்ட பணக்கட்டு இருந்தது. அதை என் மேசைமேல் வைத்தார். "இதை அவங்களையே வாங்கிக்கச் சொல்லு. அவ கட்டினதைத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லு" என்றார். கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். முடிந்த கணக்கில் பணம் வாங்க வழியில்லை என்று அந்தப் பெண் வருத்தம் தெரிவித்து, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் அவள் மேலா, அந்தக் கம்பெனி மேலா, எதிரில் நிற்கிற இந்த மனிதர் மேலா என்று தெரியவில்லை. பத்து மாதம் ஊரெல்லாம் கொடி கட்டினாரே! கடிதம் நின்றது எங்கள் கடிதத்துக்குப் பயந்து இல்லை. அந்தக் கடிதங்களை அடித்த என் விரல்களின் மேலும் எனக்குக் கோபம்தான்.

அத்தான் பாப்பாவுக்கு அடித்தார். அங்கே வேலை நேரம். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்துவிட்டாள். பின்னால் துணி சுழலும் இயந்திரங்களின் இரைச்சல். அத்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்.

"யாரைக் கேட்டு நீ கட்டின?"



"யாரு சொன்னா?" என்றாள்.

"கட்டப் போனேன். கட்டியாச்சுன்னு சொல்றாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"வேலை செய்ற இடத்துக்கே போன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அண்ணா. தினமும். மேனேஜரம்மா கூப்பிட்டு, மொத்தமா நாங்க அட்வான்ஸ் தர்றோம், கட்டி முடின்னாங்க. வாங்கிக் கட்டிட்டேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? நீ ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன்னு சொல்லிட்டு இருந்த. போன்லயே எத்தனை தடவை சொன்ன. சந்தோஷமா இருந்தியே, அண்ணா."

அத்தான் பணக்கட்டை எடுத்தார், வைத்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார், இருபது வருடத்தில் அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"சரி பாப்பா. விடு. அந்த அட்வான்ஸ் எவ்வளவுன்னு சொல்லு, இன்னைக்கே அனுப்புறேன். கடனை உடனை வாங்கியாவது அனுப்புறேன். அதைத் திருப்பிக் கொடுத்துட்டு நீ லீவைப் போட்டுக் கிளம்பி வா."

"அட்வான்ஸ் எல்லாம் எப்பவோ கழிஞ்சிடுச்சு, அண்ணா."

"அப்புறம் என்ன? வரவேண்டியதுதானே?"

"அதைக் கொடுக்கிறப்போ ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் வேலை, நீண்ட லீவு கிடையாது. இன்னும் பதினாலு மாசம் இருக்கு."

 "அப்ப நான் வர்றேன்" என்றார் அவசரமாக. "டிக்கெட் நான் போட்டுக்கிறேன். உன் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருக்கேன்."

பாப்பா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

"வந்து என்ன பண்ணுவ, அண்ணா? ஏழு நாளும் நான் வீட்ல இருக்க மாட்டேனே."