நெல்லாலையில் என் நிக்காஹ்

என் கலியாணம் நடந்தது ஒரு நெல்லாலையில். எந்த மண்டபத்தில் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். நான் பகிடி விடுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிழக்கிலங்கையின் கல்முனையில், முஸ்லிம்களான எங்களுக்கெல்லாம் பெண் வீடுதான் மண்டபம். மகளுக்கென்று வாப்பா கட்டிக் கொடுக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து ஏறுவார், பிறகு அங்கேயே குடியிருப்பார். என் வாப்பாவும் வீட்டைக் கட்டி, வெள்ளையடித்து, முற்றத்தில் பந்தலும் போட்டு முடித்திருந்தார். பிறகுதான் மார்கழி மழை பிடித்தது. கலியாணத்துக்கு முதல் நாள் விடிந்தபோது பந்தல் கால்கள் வெள்ளத்துக்குள் நின்றன. புது வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர். பாடசாலையில் கேட்கலாம் என்றால், அங்கே வீடு இழந்த சனம் பாய் விரித்துப் படுத்திருந்தது.

"ரெண்டு கிழமை தள்ளிப் போடுவமா?" என்று உம்மா கேட்டார்.

"மாடு அறுத்தாச்சு," என்றார் வாப்பா. "இறைச்சியை எங்க தள்ளிப் போடுற?"

அந்த நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர், நற்பிட்டிமுனைப் பக்கம் நெல்லாலை வைத்திருந்த தமிழர். எங்கள் வயல் நெல்லைக் குத்திக் கொடுப்பவர் அவர்தான். வாப்பா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ட மில் மேட்டில கிடக்கு. உள்ளுக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. புள்ளயக் கூட்டிட்டு அங்க வாங்க," என்றார்.

"மில்லுக்குள்ள கலியாணமா, அண்ணன்?"

"நெல்லு இரிக்கிற இடத்தில மனிசர் இரிக்கேலாதா?"

அன்றே மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, நிலத்தைக் கூட்டி, பாய்களை விரித்தார்கள். மில்காரரின் மனைவி நெல் மூட்டைகளை அடுக்கி, மேலே புது விரிப்பைப் போட்டு, மணவறை ஒன்றைச் செய்துவிட்டார்.

"உங்கட ஆக்களுக்கு மணவறை எந்தத் திசை பாக்கணும்? எங்களுக்குக் கிழக்கு," என்று அவர் உம்மாவைக் கேட்டார்.

"எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. சாரல் அடிக்காத பக்கமாப் பாத்தாச் சரி."

மறுநாள் காலை மில்லில் கணக்கு எழுதும் கந்தோர் அறையில் வைத்து என்னை உடுத்தினார்கள். சேலைக்கு மடிப்பு எடுத்தது மில்காரரின் மனைவி. முக்காட்டைச் சரிசெய்தது என் மாமி. மடிப்பு எடுத்தபடியே அவர் தன் கலியாணத்தைச் சொன்னார்.

"எனக்குத் திருக்கோவில் ஊர்க் கோயில்ல தாலி கட்டினது. அண்டைக்கு நல்ல வெயில். கல்லுச் சுட்ட சூட்டில ஐயர் சொன்ன மந்திரம் ஒண்டும் என்ட காதில விழல்ல. உனக்கு மழை. ஒண்டும் யோசிக்காத புள்ள."

மாப்பிள்ளை மருதமுனையிலிருந்து உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் வந்தார். கார் அந்த வெள்ளத்தில் வராது. அக்காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஆயுளில் ஒரு தடவை கோட் போடுவார்கள், அது கலியாணத்தன்று. அவரும் நீலக் கோட்டும் கழுத்துப் பட்டியும் தலைப்பாகையுமாக, பெட்டிக்குள் ஒரு கதிரையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒழுங்கை முனையில் சக்கரம் புதைந்துவிட்டது. மிச்சத் தூரத்தைக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் அவருடைய தாத்தா, எங்கள் பேச்சில் மூத்த சகோதரி, எனக்கான கூறைச்சேலைப் பெட்டியை உரப் பைக்குள் கட்டித் தலையில் சுமந்து வந்தார்.

வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். வழமையில் செம்புத் தண்ணீரைச் சாட்டுக்கு ஊற்றுவதோடு சரி. அன்று அவருக்கு முழங்கால் வரை சேறு. என் தம்பி அப்போது அவரை விட உயரமான வாலிபன். கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன். செம்பை வைத்துவிட்டு, மில்காரர் கொடுத்த வாளியைத் தூக்கினான்.

"மச்சான், மத்தக் காலையும் தாங்க. இது சும்மா ஊத்தினாப் போகாது," என்றான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடக்கமாகக் காலைக் காட்டினார்.

மௌலவி நிக்காஹ் உரையான குத்பாவை ஓதி முடித்ததும், வாப்பா இரண்டு சாட்சிகளோடு என் அறைக்கு வந்தார். வெளியே மழை இருட்டு. படம் பிடிக்க வந்தவர் வெளிச்சம் போதாது என்று சுவரில் விளக்குப் போடும் ஆளியைத் தேடியிருக்கிறார். கைக்கு அகப்பட்ட பெரியதைக் கீழே இழுத்துவிட்டார். மில் ஓடத் தொடங்கியது.

தகரக் கூரை அதிர்ந்தது. வாப்பாவின் வாய் அசைவது தெரிந்தது. இன்னாரைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்றுதான் கேட்கிறார். நான் தலையைக் குனிந்து "ஓம்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக் குனிந்தார். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். சாட்சிகள் இருவரும் தலையை ஆட்டி, கேட்கவில்லை என்று கையால் காட்டினார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. சம்மதமில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று மூச்சைப் பிடித்துக் கத்தினேன்.

"ஓம் வாப்பா, எனக்குச் சம்மதம்!"

சரியாக அந்த நொடியில் மில்காரர் ஓடிப்போய் ஆளியை நிறுத்தியிருந்தார். என் குரல் மட்டும் மில் முழுக்கப் போனது. ஆண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மாமி என் தொடையில் கிள்ளினார்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் போதும். நீ ஊரையே கூப்பிட்டிட்டாய்," என்றார் வாப்பா. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நிக்காஹ் முடிந்து, எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாத்தா எனக்குத் தாலி கட்டியபோது பெண்கள் குரவையிட்டார்கள். எல்லோரையும் விட நீளமாகக் குரவை போட்டவர் மில்காரரின் மனைவி. குரவை அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். கூறையை உடுத்தி என்னை மூட்டை மணவறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். மில் கிளப்பிய தவிடு பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் ஈரக் கோட்டில் ஒட்டி, நீலம் சாம்பலாகியிருந்தது. புருவத்திலும் தவிடு. அவர் முன்னே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"சம்மதம் எனக்கும் வெளங்கிச்சு."

அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அதுதான். எனக்கு வெட்கத்தை விடச் சிரிப்புத்தான் வந்தது. அதோடு, இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று ஒரு நிம்மதியும்.

வெள்ளம் வடியும் வரை மில்காரர் வீட்டு முன் அறையில்தான் இருந்தோம். எங்கள் வீட்டுக்குப் போனபோது தரை முழுக்கச் சேறு படிந்திருந்தது. அவர் சாரனை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தார். உம்மா பதறிப்போனார்.

"புது மாப்பிள்ளை மண்வெட்டி புடிக்கிறயா? ஊர் என்ன கதைக்கும்? வைங்க மகன்."

"ஒண்டும் கதைக்காது மாமி. நீங்க தேத்தண்ணி ஊத்துங்க," என்றார் அவர்.

உம்மா அடுப்பு மூட்டக் காய்ந்த விறகு தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் விளக்குமாறோடு என் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். அவர் சேற்றை வழித்துத் தள்ள, நான் கூட்டினேன்.