ஒரு நாளும் தவறாத அரை மாத்திரை

ஆசிரியத் தொழில் வேறெதைக் கற்றுத் தராவிட்டாலும், தொடங்கியதை நாள் தவறாமல் செய்யும் பிடிவாதத்தைக் கற்றுத் தந்துவிடுகிறது. பூனைக்கு மாத்திரை கொடுத்துக் கையெல்லாம் கீறல் வாங்கிய அன்பர்கள், பாம்பனில் நான் பணியாற்றியபோது பட்ட இந்தத் துன்பத்தை எளிதில் உணர்வார்கள்.

பசி

என் பூனை சுக்கானுக்கு இழுப்பு நோய். மூச்சு விட்டால் விசில் ஊதுவது போலிருக்கும். இராமநாதபுரத்துக் கால்நடை மருத்துவர், அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டீராய்டு மாத்திரையில் பாதியை நாள்தோறும் கொடுக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அழைத்து வந்தால் அளவைக் குறைப்பதாகவும் சொன்னார். பத்தே நாளில் இழுப்பு நின்றது. குறைத்தால் திரும்பிவிடுமோ என்று அஞ்சி நான் போகவேயில்லை. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, நெத்திலியின் வயிற்றில் ஒளித்துக் கொடுத்துவந்தேன்.

சில மாதங்களில் அதற்கு அடங்காப் பசி. மீன் விற்கும் அந்தோணியம்மாளின் கூடைக்குள் விட்ட தலையை எடுக்க மறுத்தது. அவள் சொன்னாள்: “ஒங்க பூனைக்குச் சொகமாயிருச்சு வாத்தியாரய்யா, எங் கூடைக்குத்தான் சீக்கு வந்துருச்சு!”

தாகம்

அடுத்து வந்தது தாகம். ஊற்றிலிருந்து சுமந்து வரும் நல்ல தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்து, அத்தனையையும் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டின்மேல் கழித்தது. தாள்களை வெயிலில் உலர்த்திப் பள்ளிக்குக் கொண்டு சென்றேன். கணக்காசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “என்ன சார், ஒங்களுக்கு முன்னாடியே பூனை திருத்திருச்சா?”

வயிறு

இரண்டாம் ஆண்டில் வயிறு பானையாயிற்று, மயிர் உதிர்ந்தது. “கடுவன் பூனைக்கு இது எத்தனாவது மாசம்?” என்றாள் அந்தோணியம்மாள். நானும் சிரித்துக்கொண்டே பிடரியைப் பற்றித் தூக்கினேன். நனைந்த தாள் போலத் தோல் கிழிந்தது. அவள் கூடையை இறக்கிவிட்டு அருகில் வந்து பார்த்தாள்: “அய்யய்யோ, இது கொழுப்பில்லய்யா, நோவு.”

பதிவேடு

கூடையில் வைத்து, இரயிலேறி மருத்துவரிடம் கொண்டுபோனேன். சிறுநீரில் சர்க்கரை இருந்தது. “இது பூராவும் அந்த மாத்திரை செஞ்ச வேலை. இத்தனை நாள் குடுக்கச் சொன்னது யாரு?” என்றார். மாணவர்களுக்கு வைப்பது போலவே மாத்திரைக்கும் நான் வைத்திருந்த வருகைப் பதிவேட்டை நீட்டினேன். இரண்டாண்டில் ஒரு நாளும் விடுபடவில்லை. அதைக் காட்டுகையில் எனக்குச் சற்றே பெருமையும் இருந்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி மூடினார்: “எல்லா நாளும் இருக்கு சார், எங்கிட்ட வரச் சொன்ன அந்த ஒரு நாள்தான் ஆப்சென்ட்.”

மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தும் அடுத்த மாதமே சுக்கான் இறந்துபோக, அதுவரை முழு வருகைக்கு ஆண்டுதோறும் பரிசளித்துவந்த நான், அதன்பின் எந்த மாணவனுக்கும் அந்தப் பரிசை அளிக்கவில்லை.