முன்வரிசையில் ஒரு பொலிஸ் பென்சில்

பிறர் பேச்சை எழுதிப் பிழைப்பவனுக்கு விரல் தேயும், காது தேயும். வாய் மட்டும் புத்தம் புதிதாகவே இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நான் கொழும்புப் பொலிசில் தமிழ்ச் சுருக்கெழுத்தாளன். கூட்டங்களில் அரசாங்கத்தை யார் ஏசினாலும் சொல் விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகம் ஏசியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். நான் எழுதுவதால் அவர் வேலை போய்விடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். இதே தொழிலில் குப்பை கொட்டிய அன்பர்களுக்கு என் சங்கடம் விளங்கும்.

மேசை

கொட்டாஞ்சேனையில் முதல் கூட்டம். சாதாரண உடுப்பில் பின்வரிசையில் ஒதுங்கியிருந்தேன். பேராசிரியர் என் பென்சிலைக் கண்டுவிட்டார். முன்னால் கூப்பிட்டு, கூட்டத் தலைவரின் மேசையை எனக்குப் போடச் செய்தார். தலைவர் மாலையை மடியில் வைத்தபடி முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். பேராசிரியர் சபைக்கு விளக்கினார்: "என்ர பேச்சை முழுக்கக் கேக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிற ஒரே ஆள் இவர்தான். வசதி செய்து குடுக்க வேணும்."

முனை

அதன்பிறகு ஏசும் இடங்களில் எனக்காக நிதானமாகப் பேசுவார். கவர்னரைக் 'கொள்ளைக்கூட்டத்துக் கங்காணி' என்றபோது என் பென்சில் முனை முறிந்தது. அவர் காத்து நின்றார். சபையும் காத்திருந்தது. பக்கத்தில் இருந்த அரசாங்கக் கிளாக்கர் கைதட்டுவதை நிறுத்தித் தன் பென்சிலை நீட்டினார்: "எழுதுங்கோ. கந்தோர்ப் பென்சில்தான். ஏச்சும் அரசாங்கச் செலவிலயே நடக்கட்டும்."

அந்த அறிக்கையை என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை வாசித்துவிட்டு அலுமாரிக்குள் போட்டார். எனக்கு உயிர் வந்தது.

வெள்ளவத்தை

தமிழ் அரசாங்க உத்தியோகத்தர் நிறைந்த இடம். அங்கேயும் ஒரு மணித்தியாலம் அரசாங்கத்துக்கு ஏச்சு, ஒரே கைதட்டல். முடிக்கும்போது பேராசிரியர் சொன்னார்: "மாமன் வீட்டுக் காசில தாலியும் வாங்கிற உத்தியோகத்தனை விடப் பிச்சைக்காரன் மேல். அவன் தட்டையாவது தானே கொண்டுவாறான்."

சபையோர் குடைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். சில நாட்களில் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போனது: ஆபாசப் பேச்சு, ஆளை நீக்க வேண்டும். முதல் கையெழுத்து பென்சில் தந்த கிளாக்கருடையது.

விசாரணையில் முழுப் பேச்சையும் என்னை வாசிக்கச் சொன்னார்கள். கவர்னர் வரும் இடமெல்லாம் தேநீர் குடித்தார்கள். பிச்சைக்காரன் தட்டு வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். சொன்னதைத் திருப்பி வாங்கும்படி கேட்டதற்குப் பேராசிரியர், "மனுப் போட்டவை சீதனத்தைத் திருப்பிக் குடுக்கட்டும், நானும் வாங்கிறன்" என்றார். அன்றே வேலை போனது. அவர் தனியாக வாசலைத் தாண்டிப் போனார்.

சாட்சிக்கு வந்திருந்த கிளாக்கர் என் தோளைத் தட்டினார்: "அந்தப் பென்சிலைத் தாங்கோ. அது அரசாங்கச் சாமான்."

பேராசிரியரின் வேலைக்கு என் பென்சிலால்தான் ஆபத்து என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, கைதட்டியவர்களுக்கும் எழுதத் தெரியும் என்பது தோன்றவே இல்லை.