அடிக்குரலுக்காக வாங்கிய ஈக்குவலைசர்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்தது இது. பலாலி வீதியிலிருந்து திரும்பும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் வீட்டு முன் அறையை நான் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருக்கிறேன். வாசலில் ஸ்ரூடியோ என்று பலகை இருக்கிறது. உள்ளே ஒரு கணினி, ஒரு மிக்சர், சில மைக்குகள், சுவரெல்லாம் பழைய மெத்தை. கலியாண வீடியோவுக்குக் குரல் கொடுப்பது, திருவிழா அறிவித்தல், பள்ளிக்கூட நாடகத்துக்குப் பின்னணி என்று ஏதாவது வேலை வரும். வருகிறவர்கள் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தானோ?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பண்டத்தரிப்புப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பாடகர் குழு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்குப் பாடும் பாடல்களைப் பதிவு செய்ய வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். குழுவை நடத்துபவர் ஒரு ரீச்சர். கீபோர்ட்டையும் அவரே வாசிப்பார். ஆண்களின் அடிக்குரல் பாட இருந்தவர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அந்தக் காலத்து பஸ்ஸில் இயந்திரம் சாரதியின் காதோடு காதாக இரையும். கன வருடம் அதன் பக்கத்தில் இருந்து இருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. எல்லாரும் அவரிடம் கத்தித்தான் கதைத்தார்கள். அப்படியும் பாதி விளங்காமல் "என்ன?" என்பார். மற்றவர்கள் கண்ணைச் சுழற்றுவார்கள்.

அன்று எல்லாரையும் வட்டமாக நிறுத்திச் சும்மா ஒத்திகை பார்த்தோம். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், பாட்டு கீழே இறங்கும் இடமெல்லாம் 'கும்' என்று ஓர் இரைச்சல். குடத்துக்குள் தலையை விட்டுப் பாடினது போல இருந்தது. ரீச்சர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அது அண்ணையின்ரை குரல் தான். அவர் வந்து நிக்கட்டும். வீடியோவும் எடுக்கினம் தானே, வாயை மட்டும் அசைக்கட்டும்."

அந்தச் சாரதிக்கு முன்னால் வைத்தே சொன்னார். கேட்காது என்ற துணிவு. அவர் "என்ன?" என்று கேட்டார். ரீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

எல்லாரும் வான் வண்டியில் ஏறும்போது அவர் மட்டும் செருப்பைத் தேடுவது போலப் பின்னால் நின்றார். "பிள்ளை, எனக்குக் காது தான் கேக்காது. வாயைப் பாத்து விளங்கும். சின்னனிலையிருந்து பாடுறன். பொம்மை மாதிரி நிக்க வேணுமெண்டால் நான் வரேல்லை" என்றார். இது அறையின் குற்றமாகவும் இருக்கும், நான் பார்த்துச் சரிசெய்கிறேன் என்று அவருடைய முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். சொன்ன வாக்கு என் தலையில் ஏறியது.

அவர்கள் போன பிறகு கூடத்திலிருந்த கீபோர்ட்டில் அந்தக் கீழ்ச் சுரத்தைத் தனியே தட்டிப் பார்த்தேன். அதே 'கும்'. மனிதர் ஒருவரும் இல்லாமலே சீமெந்துச் சுவர் இரைகிறது. மெத்தை உயர்ந்த சத்தங்களை உறிஞ்சுமே தவிர இந்த அடிச் சத்தத்துக்கு மசியாது. மைக்கிலிருந்து வரும் ஒலியில் அந்த ஓர் இடத்தை மட்டும் பிடித்து இறக்க வேண்டும். அதற்குத்தான் கிராபிக் ஈக்குவலைசர். ஒலியைக் கீழிருந்து மேல்வரை துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் தள்ளும் சின்னப் பிடி ஒன்று வைத்திருப்பார்கள். கணினிக்குள்ளும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதற்குள்ளால் போய் வரும் ஒலி ஒரு கண்ணிமைப்புப் பிந்தித்தான் ஹெட்போனுக்கு வரும். பாடுகிறவர்கள் தடுமாறுவார்கள். ரீச்சரோ அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கேட்டுத் திருப்திப்பட வேண்டும். இல்லையென்றால் அண்ணையை வாயசைக்கத்தான் விடுவார். ஆகவே பெட்டி ஒன்று வேண்டும், என் கைக்கு எட்டிய விலையில் வேண்டும். அங்கே தொடங்கியது என் ஆய்க்கினையும் அலைச்சலும்.

கனடாவில் இருக்கும் தம்பியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "உங்கை ஒண்டும் வாங்காதை அக்கா, எல்லாம் கள்ளச் சாமான். இஞ்சையிருந்து ஒராள் அங்கை வருது, நான் குடுத்து விடுறன்" என்றான். அந்த ஆள் வந்தார். பெட்டியும் வந்தது. புதுசு, பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நூற்றிருபது வோல்ற்றுக்குச் செய்தது. எங்கள் மின்சாரத்தில் நேரே செருகியிருந்தால் புகைதான் வந்திருக்கும். மின்சாரத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி அதோடு இணைத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. ரீங்காரம் முழுவதும் பதிவுக்குள் வந்தது. தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். "அப்ப உங்கத்தை கறண்ட் தான் பிழை" என்றான். போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

பிறகு யாழ்ப்பாண நகரத்தில் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில் ஈக்குவலைசர் என்றதும் காருக்குப் பூட்டுகிற சாமானை எடுத்து வைத்தார்கள். இன்னொரு கடைக்காரர் ஐந்தே ஐந்து பிடி உள்ள பெட்டியைக் காட்டி, பாட்டுக்குத் தக்கபடி லைற் ஆடும் என்றார். எனக்கு லைற் வேண்டாம், ஒரு குறித்த இடத்தை மட்டும் பிடித்து இறக்க வேண்டும், ஐந்து பிடி காணாது என்றேன். அவர் என்னைப் பாவம் பார்த்தார். "எல்லாத்தையும் மேலை உயத்தி விடுங்கோ தங்கச்சி. அப்ப தான் குடுத்த காசுக்குச் சத்தம் வரும்" என்றார். நல்ல சாமான் இருந்த ஒரே கடையில் விலையைக் கேட்டுவிட்டு, பிறகு வாறன் என்று சொல்லி இறங்கினேன். அந்தக் கோதாரி விழுந்த குடையையும் அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். மழை கொட்டியது.

கடைசியில் கொடிகாமத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர் பழையது ஒன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். முப்பத்தொரு பிடி. பெட்டி முழுவதும் தூசி. சும்மா வாங்கிக்கொண்டு வந்தால் நான் விசரி. ஹெட்போனைக் கொண்டு போயிருந்தேன். எல்லாப் பிடிகளையும் நடுவில் வைத்து, ஒன்றும் பாடவிடாமல், இரைச்சல் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். பிறகு பாட்டைப் போட்டு ஒவ்வொரு பிடியாக மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். சில இடங்களில் கறகறத்தது, ஆனால் துடைத்தால் போகிற கறகறப்பு. மின்சாரமும் எங்கள் மின்சாரம்.

"என்ன பிள்ளை, மாட்டுக்குப் பல்லுப் பிடிச்சுப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீர்" என்றார் அவர்.

"ஓம் அண்ணை, இது கறக்க வேணுமே" என்றேன். சிரித்துவிட்டு விலையையும் கொஞ்சம் குறைத்தார்.

பதிவு நாள் வந்தது. மைக் வழியில் பெட்டியை இணைத்து, கீழ்ப் பக்கத்துப் பிடிகளில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, அந்தக் 'கும்'மைப் பிடித்துவிட்டேன். முழுதாகப் போகவில்லை, ஆனால் குடம் உடைந்தது. ரீச்சர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அண்ணை தன் இடத்தில் போய் நின்றார். பாடத் தொடங்கினார்கள்.

அவர் பிந்தினார். ஒவ்வொரு வரியிலும் எல்லாரும் தொடங்கிய பிறகே தொடங்கினார். திரும்பப் பாடினார்கள், திரும்பவும் பிந்தினார். குரலில் ஒரு குறையும் இல்லை. நேரம்தான் பிழைத்தது. பக்கத்தில் நின்றவர் அவருடைய காதுக்குள் கத்தினார். நானும் பொறுமையிழந்து அவருடைய ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார். பிந்துவது மட்டும் நிற்கவில்லை.

"பாத்தீங்களோ. அண்ணை வாயை அசைச்சால் காணும் எண்டு நான் சும்மா சொல்லேல்லை" என்றார் ரீச்சர். அவரிலும் பிழை சொல்ல முடியாது. அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் பாடுங்கோ. நான் வெளியிலை இருக்கிறன்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எவ்வளவு அலைச்சல். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்று, ஹெட்போனில் என்னதான் கேட்கிறது என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"சத்தம் கேக்குது பிள்ளை. கனக்கக் கேக்குது. ஆனால் எல்லாம் கம்பளிக்குள்ளாலை கதைக்கிற மாதிரி. சொல்லு விளங்கேல்லை. தேவாலயத்திலை பக்கத்து ஆளின்ரை வாயைப் பாத்துத் தொடங்குவன். இஞ்சை எல்லாரும் மைக்கைப் பாத்தெல்லோ நிக்கினம்."

கம்பளி என்றதும்தான், சுவர் மெத்தை உயர்ந்த சத்தங்களை உறிஞ்சுவது நினைவுக்கு வந்து, எனக்கு உறைத்தது. எல்லாரும் இவருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறோம். ஆனால் இவருக்குக் குறைவது சத்தம் அல்ல. மேல் பக்கத்து மெல்லிய ஒலிகள் மட்டும்தான் இவரிடம் போய்ச் சேருவதில்லை.

எல்லாரையும் பொறுக்கச் சொன்னேன். மைக் வழியில் இருந்த ஈக்குவலைசரைக் கழற்றினேன். ரீச்சர், "ஐயோ, அந்த இரைச்சல் திரும்ப வருமே" என்றார். அதைப் பிறகு கணினியில் இறக்கலாம், அது என்ரை பொறுப்பு என்றேன். அவருடைய ஹெட்போனுக்குப் போகும் வழியில் மட்டும் பெட்டியை இணைத்தேன். மொத்தச் சத்தத்தைக் குறைத்தேன். குழுவை முதல் இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிவிட்டு, உயர்ந்த ஒலிகளுக்கான வலது பக்கத்துப் பிடிகளை ஒவ்வொன்றாக மெல்ல உயர்த்தினேன். ஓரிடத்தில் அவர் கையை உயர்த்தினார். வலிக்கிறதாக்கும் என்று பயந்து கையை எடுத்தேன்.

அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை," என்றார், "பாட முதல் எல்லாரும் மூச்சு எடுக்கினம். அது எனக்குக் கேக்குது."

ரீச்சர் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடகர் குழுவில் ஒருவரும் கணக்குப் பார்த்துத் தொடங்குவதில்லை. பக்கத்தில் நிற்பவர் மூச்சை இழுக்கும் சத்தத்தில் தான் தாமும் இழுத்து, ஒன்றாகத் தொடங்குகிறார்கள். அந்த மூச்சு இத்தனை வருடமாக இவருடைய காதுக்கு வரவில்லை. அதனால்தான் ஒருவருடைய வாயையும் பார்க்க முடியாத இங்கே இவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சுப் பிந்தி வந்திருக்கிறார்.

அடுத்த தரம் பாடியபோது அவர் எல்லாரோடும் ஒன்றாக இறங்கினார். அடிக்குரல் நிலம் போல விரிந்தது, மற்றக் குரல்கள் அதன் மேல் நின்றன. நான் பொத்தானை அழுத்திப் பதிகிறேனா இல்லையா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் ரீச்சர் எழுந்து வந்து அவருக்கு முன்னால் நின்றார். கத்தவில்லை. "அண்ணை, கடைசி வரியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாடுங்கோ" என்றார். குழுவில் மற்றவர்களிடம் குறை சொல்கிற அதே குரல். அவருக்கு அன்று அதைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

எனக்கு இன்றைக்கும் பொறுமை குறைவுதான், வீட்டிலும் கடையிலும் ஆட்களோடு எரிந்து விழுகிறேன். ஆனால் யாராவது திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்டால், குரலை உயர்த்த வாய் திறக்கும்போதே அந்த மனிதர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்துவிடுகிறது. நான் சொல்வதில் எது அவரிடம் போய்ச் சேரவில்லை என்று முதலில் நின்று யோசிக்கிறேன்.